‘ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினா என்ன தருவீங்க?’ – மதிப்பெண்ணுக்குக் காசு கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்களா?

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வரும் வாரத்தில், ஸ்ரீரங்கத்திலிருந்து மத்திய பேருந்து நிலையம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைக் கொஞ்சம் காதில் வாங்கிப் பாருங்கள். “கணக்குல தொண்ணூறுக்கு மேல எடுத்தா ஐந்நூறு ரூபா தரேன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு.” “எங்க வீட்ல ஹெட்போன்டா.” “எங்க வீட்ல எடுத்தா ஒண்ணும் கிடையாது, எடுக்கலைன்னாதான் கிடைக்கும்.” கடைசிப் பையன் சொன்னதற்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

நம் வீடுகளில் இது புதிய பழக்கம் இல்லை. சைக்கிள், கைக்கடிகாரம், பட்டுப் பாவாடை என்று இருந்தது இப்போது ஹெட்போன், கிரிக்கெட் பேட், ஜிபே என்று மாறியிருக்கிறது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. மார்க்குக்குக் காசு கொடுத்தால் பிள்ளை படிக்குமா? அல்லது காசு இல்லாவிட்டால் புத்தகத்தைத் தொடாது என்கிற நிலைக்குப் போய்விடுமா? வீட்டில் ஒருவர் கொடுக்கலாம் என்பார், இன்னொருவர் அது லஞ்சம் என்பார். பெரும்பாலும் தாத்தா கொடுக்கச் சொல்லும் கட்சியில் இருப்பார்.

இந்தக் கேள்விக்கு உலகின் பல இடங்களில் பெரிய செலவில் சோதனை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நம் அரசும் மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுக்கும் சில திட்டங்களை நடத்துகிறது. திருச்சி, ஸ்ரீரங்கம் பிள்ளைகளில் தகுதியுள்ள பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் திட்டங்களும் அதில் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

காசு எங்கே போகிறது?

முதலில் கடைப் பக்கம் போவோம். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு கல்லெறி தூரத்துக்குள் செயின்ட் ஜோசப் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி, பிஷப் ஹீபர் மேல்நிலைப் பள்ளி எல்லாம் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு மேல் மெயின்கார்டு கேட், தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு பக்கம் நடந்தால் தோளில் பை இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். மெயின்கார்டு கேட்டில் மைக்கேல் ஐஸ்கிரீம் கடை. திருச்சியில் படித்த எவரிடம் கேட்டாலும் அந்தக் கடையைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார். குறைந்த காசில் நாலு பேருக்கு வாங்கிக் கொடுக்க முடியும் என்பதே அதன் பெருமை. அப்புறம் சின்னக் கடைவீதிப் பக்கம் ஃபேன்சி ஸ்டோர், மொபைல் கவர் கடை, நோட்டு பேனா விற்கும் ஸ்டேஷனரி கடை. கொஞ்சம் கையில் புரள்கிறவர்கள் தில்லைநகர் கிராஸ்களில் இருக்கும் கஃபேக்களுக்கும், மத்திய பேருந்து நிலையம் பக்கம் ஃபெமினாவுக்கும் போவார்கள்.

ஸ்ரீரங்கத்தில் கணக்கு வேறு. ராஜகோபுரத்துக்கு உள்ளே, உத்திர வீதி, சித்திரை வீதி முனைகளில் இருக்கும் சின்னக் கடைகள்தான் பிள்ளைகளுக்கு. எழுத்தாளர் சுஜாதா ஸ்ரீரங்கத்துக் கதைகளில் ‘ரங்கு கடை’யைப் பெரிய பாத்திரமாகவே ஆக்கிவிட்டார். அங்கே சாமான் வாங்குவதைவிட உட்கார்ந்து பேசுவதுதான் முக்கியம். இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்த கடை என்றால் அதற்கு அடையாளம் அதுதான்: விரட்டாத கடைக்காரர், நண்பர்கள் கூடி நிற்க இடம், பத்து இருபது ரூபாயில் ஏதாவது ஒன்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மார்க்குக்குக் கிடைத்த காசு பெரும்பாலும் மார்க் வாங்கியவனுக்கு மட்டும் செலவாவதில்லை. ‘ட்ரீட்’ ஆகிறது. நாலு பேருக்கு ஐஸ்கிரீம், ஆளுக்கொரு பப்ஸ், அரை மணி நேரத்தில் பர்ஸ் காலி. அதில் தப்பொன்றும் இல்லை. தன் உழைப்பில் நண்பனுக்கு வாங்கிக் கொடுப்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய விஷயம். ஆனால் பெற்றோர் ‘இந்தக் காசு அடுத்த பரீட்சைக்கு இவனைப் படிக்க வைக்கும்’ என்று நினைக்கிறார்களே, அது நடக்கிறதா என்பது தனிக் கேள்வி.

38,000 மாணவர்கள், 63 லட்சம் டாலர்

அமெரிக்காவில் ரோலண்ட் ஃப்ரையர் என்கிற ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர் 2007 முதல் 2009 வரை ஒரு பெரிய சோதனை நடத்தினார். நியூயார்க், சிகாகோ, டல்லஸ், வாஷிங்டன் ஆகிய நான்கு நகரங்கள், 261 பள்ளிகள், சுமார் 38,000 மாணவர்கள். கொடுத்த பணம் ஏறக்குறைய 63 லட்சம் டாலர். நம் ஊரில் அப்பாக்கள் சொல்வதை அவர் ஆராய்ச்சியாகச் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதம். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம்: 4-ஆம் வகுப்புக்கு ஒரு தேர்வுக்கு அதிகபட்சம் 25 டாலர், 7-ஆம் வகுப்புக்கு 50 டாலர். சிகாகோவில் 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் பாட வாரியான கிரேடுக்குப் பணம்: ‘ஏ’ வாங்கினால் 50 டாலர், ‘பி’ 35, ‘சி’ 20. அதில் பாதியைக் கையில் கொடுத்து, மீதியைப் பள்ளிப் படிப்பு முடித்தால்தான் தருவோம் என்று வைத்துக்கொண்டார்கள். டல்லஸில் கதையே வேறு. 2-ஆம் வகுப்புக் குழந்தை ஒரு புத்தகம் படித்து, அதைப் படித்ததற்கு அடையாளமாகக் கணினியில் ஒரு சின்னக் கேள்வித்தாளுக்குப் பதில் சொன்னால் 2 டாலர். அவ்வளவுதான்.

முடிவு என்ன? அதிகப் பணம் கொடுத்த நியூயார்க்கிலும் சிகாகோவிலும் தேர்வு மதிப்பெண் உயரவில்லை. இரண்டே டாலர் கொடுத்த டல்லஸில் குழந்தைகளின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் உயர்ந்தது.

ஏன் இப்படி? நியூயார்க் மாணவர்களிடம் ‘இன்னும் அதிகப் பணம் வாங்க என்ன செய்யலாம்?’ என்று கேட்டார்கள். கேள்வியை நன்றாகப் படிக்க வேண்டும், விடையைச் சரிபார்க்க வேண்டும் என்கிற மாதிரி தேர்வறைச் சாமர்த்தியங்களைச் சொன்னார்கள். தினமும் பாடம் படிக்கிறேன், புரியாததை ஆசிரியரிடம் கேட்கிறேன் என்கிற பதில்கள் வரவில்லை. பணம் வேண்டும் என்கிற ஆசை இருந்தது. ஆனால் மார்க்கை எப்படி உண்டாக்குவது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. டல்லஸ் குழந்தைக்கு அந்தக் குழப்பம் இல்லை. புத்தகத்தை எடுத்தால் படித்துவிடலாம். அது அதன் கையில் இருக்கிற வேலை.

இங்கே நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். “அல்ஜீப்ராவே புரியலப்பா” என்கிற பையனிடம் “தொண்ணூறு எடு, ஆயிரம் தரேன்” என்றால், நீச்சல் தெரியாதவனைக் காவிரி அம்மா மண்டபப் படித்துறையில் நிறுத்தி, அக்கரை போனால் பரிசு என்று சொல்வது போலத்தான். அவனுக்கு ஆசை குறைவு என்பதால் அவன் இக்கரையில் நிற்கவில்லை.

இன்னொரு சோதனை சிகாகோ பகுதிப் பள்ளிகளில். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் செய்தது. தேர்வு தொடங்கும் நேரத்தில் ‘போன தடவையைவிட நன்றாகச் செய்தால் பரிசு’ என்று அறிவித்தார்கள். தேர்வு முடிந்த கையோடு 20 டாலர் கொடுத்தபோது மதிப்பெண் ஏறியது. அதையே ஒரு மாதம் கழித்துத் தருகிறோம் என்றபோது பலன் காணாமல் போனது. சின்னக் குழந்தைகளுக்குப் பணம்கூடத் தேவைப்படவில்லை, மூன்று டாலர் மதிப்புள்ள கோப்பையே போதுமானதாக இருந்தது. ‘பப்ளிக்ல நல்ல மார்க் எடு, லீவுல பைக் வாங்கித் தரேன்’ என்று ஜூன் மாதத்திலேயே சொல்லிவைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம். பத்து மாதம் தள்ளியிருக்கும் பைக், இன்று சாயங்காலம் இருக்கிற ரீல்ஸோடு போட்டி போட முடியாது.

நம் நாட்டிலும் தில்லியை அடுத்த குர்கானில் ஜேம்ஸ் பெர்ரி என்கிற ஆய்வாளர் இப்படிச் சோதித்துப் பார்த்தார். வாசிக்கக் கற்றுக்கொண்டால் பரிசு. அது சிலருக்குக் குழந்தையின் கையில் பொம்மையாக, சிலருக்குப் பெற்றோரின் கையில் பணமாக. படிப்பில் பின்தங்கியிருந்த குழந்தைகளுக்குப் பொம்மை நன்றாக வேலை செய்தது. பிடித்த சாமான் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது அல்லவா!

காசு கொடுத்தால் ஆசை போய்விடுமா?

லஞ்சம் என்று சொல்கிற கட்சிக்கும் ஆதாரம் உண்டு. 1973-ல் வெளியான ஓர் ஆய்வு மிகப் பிரபலம். மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் ஒரு மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆசையாக இருந்த குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில், அந்தக் குழுவினர் பேனாவைத் தொட்ட நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் பாதியளவுதான் இருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த குழுவில் ஆசை குறையவில்லை.

ஆக, பிள்ளை தானாக ஆசைப்பட்டுச் செய்கிற ஒன்றுக்கு விலை நிர்ணயிக்கக் கூடாது. கதைப் புத்தகத்தில் மூழ்கிக் கிடக்கிற பெண்ணுக்கு ‘ஒரு புத்தகத்துக்கு இருபது ரூபாய்’ என்று ஆரம்பிப்பது தேவையில்லாத வேலை. ஆனால் ஏழாம் வாய்ப்பாட்டின் மேல் யாருக்கும் இயல்பான காதல் கிடையாது. ஆசையே இல்லாத இடத்தில் போவதற்கு எதுவும் இல்லை. ஃப்ரையரும் தன் சோதனையில் இதை அளந்து பார்த்தார். பணம் வாங்கிய மாணவர்களின் உள்ளார்ந்த ஆர்வம் குறைந்ததாக அவர் காணவில்லை.

கென்யாவில் வேறொரு ஆச்சரியம் நடந்தது. பிற்பாடு 2019-ல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் க்ரெமர் குழுவினர் 2001-ல் பூசியா பகுதியில் 6-ஆம் வகுப்பு மாணவிகளுக்கு ஓர் உதவித்தொகை அறிவித்தார்கள். தேர்வில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால் அடுத்த இரண்டு ஆண்டுக்குப் பள்ளிக் கட்டணமும், சீருடை, நோட்டுக்கான பணமும். அங்கே மார்க் ஏறியது. வெல்ல வாய்ப்பே இல்லாத, பின்வரிசை மாணவிகளின் மார்க்கும் ஏறியது. பரிசுக்குத் தகுதியே இல்லாத பையன்களின் மார்க்கும் ஏறியது. ஆசிரியர்கள் லீவு போடுவதும் குறைந்தது. பணம் பிள்ளையைவிடப் பள்ளியையும் ஊரையும்தான் முதலில் அசைத்தது. பரிசு என்பதற்கு அங்கே ஐஸ்கிரீம் என்று அர்த்தம் இல்லை, படிப்பு தொடரும் என்று அர்த்தம். நியூயார்க்குக்கும் பூசியாவுக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் நம் ஊருக்கு முக்கியம்.

ராமானுஜனின் உதவித்தொகை

மார்க்கை வைத்துப் பணம் கொடுப்பது எப்படித் தவறிப் போகும் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வு தேவையில்லை. பக்கத்தில் இருக்கிற கும்பகோணம் போதும். 1904-ல் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைத் தலைமையாசிரியர் கையால் வாங்கினார் சீனிவாச ராமானுஜன். உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் அவர் தொடவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை நின்றது. கட்டணம் கட்ட வீட்டில் வசதி இல்லை. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். ‘எல்லாப் பாடத்திலும் பாஸ்’ என்கிற நிபந்தனை, கணக்கைக் கண்டுகொள்ளவில்லை.

பல வருடம் கழித்து, 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்குத் தேர்வு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன வேலை செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். முதல் பணம் மார்க்குக்கு, இரண்டாவது பணம் வேலைக்கு. டல்லஸ் கதை இங்கே முன்பே நடந்திருக்கிறது.

அரசாங்கமே அப்படி ஒரு காலத்தில் பள்ளிகளை நடத்தியது. இங்கிலாந்தில் 1862 முதல் ‘தேறியவர் கணக்குப்படி மானியம்’ என்றொரு முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்பார், எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம். சென்னை மாகாணத்திலும் அதைக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் கேட்கக் கூடியதை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதுதான் பலனாக இருந்தது. இன்றைய சில பள்ளிகளின் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

நம் அரசு எதற்கெல்லாம் பணம் தருகிறது?

இப்போது ரூபாய்க் கணக்குக்கு வருவோம். இதில் பெரியது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம். பள்ளிகளில் ‘என்.எம்.எம்.எஸ்.’ என்றால் தெரியும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் 8-ஆம் வகுப்பு படிக்கிற, பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத பிள்ளைகள் எழுதலாம். 7-ஆம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், பட்டியல் இன, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. மனத்திறன் ஒரு தாள், படிப்புத் திறன் ஒரு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு மொத்தம் 48,000.

மாதம் ஆயிரம் ரூபாய் என்பதைச் சிலர் சின்னத் தொகை என்று நினைக்கலாம். காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர் வீட்டில், திருவானைக்காவலில் பூ கட்டிக் கொடுக்கிறவர் வீட்டில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ‘லீவு நாள்ல கடைக்கு வேலைக்குப் போறேன்’ என்று சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் இந்த ஆயிரத்தில்தான் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைக் கடை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 14 தாண்டிவிட்டால் ஆபத்தில்லாத வேலைக்குச் சட்டம் தடை சொல்லவில்லை, படிப்புதான் நிற்கும்.

அடுத்தது ஊரகத் திறனாய்வுத் தேர்வு, ‘ட்ரஸ்ட்’ என்பார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் 9-ஆம் வகுப்பு படிப்பவர்களுக்கு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை ஆண்டுக்கு ஆயிரம்தான். ஸ்ரீரங்கம் திருச்சி மாநகராட்சிக்குள் இருப்பதால் ஊருக்குள் படிக்கிற பிள்ளை எழுத முடியாது. அதே ஸ்ரீரங்கம் தாலுகாவில் அந்தநல்லூர் ஒன்றியத்துக் கிராமப் பள்ளியில் படித்தால் எழுதலாம்.

இன்னும் இரண்டு தேர்வுகள். 11-ஆம் வகுப்பு மாணவர்களுக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு கொடுக்கிறார்கள். பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு, மீதிப் பாதி மற்றப் பள்ளிகள் உட்பட எல்லோருக்கும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்தான் கேள்வி. தமிழ் நன்றாகப் படித்ததற்கு மாதச் சம்பளம் வரும் வேறு இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இன்னொன்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. 500 மாணவர், 500 மாணவியர், ஆண்டுக்கு 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் மாதம் ஆயிரம் வருவது எல்லோருக்கும் தெரியும். அது மார்க்குக்கு அல்ல, கல்லூரியில் சேர்ந்து படிப்பைத் தொடர்வதற்கு. ஃப்ரையர் பார்த்தால் தலையாட்டுவார்.

‘480 எடுத்தா ஃபீஸே வேண்டாம் சார்’

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் நல்ல மார்க் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீட்டுக்கு போன் வரும். தனியார் பள்ளியிலிருந்து. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருடமும் கட்டணம் இல்லை, ஹாஸ்டல் இலவசம், நீட் கோச்சிங் சேர்த்து. மாநில ரேங்க் பட்டியலை வெளியிடுவதை அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. ஆனால் ஃப்ளெக்ஸ் போர்டு நிற்கவில்லை. அந்த போர்டுக்கு முகம் தேவை. அதற்குப் பள்ளி கொடுக்கிற விலைதான் இந்தக் கட்டணச் சலுகை. மதிப்பெண்ணுக்குப் பணம் என்பதில் தமிழ்நாட்டில் மிகப் பெரிய தொகை புரள்வது இங்கேதான் என்பது என் எண்ணம்.

மறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பாருங்கள். தனியார் பள்ளிக்கு மாறிய நாளோடு என்.எம்.எம்.எஸ். பணம் நின்றுவிடும்.  புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் கைவிட்டுப் போகும். எல்லாவற்றையும்விடப் பெரியது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளிலும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இரண்டு வருட இலவசத்துக்காக நான்கைந்து வருட இலவசத்தை விட்டுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். போனில் பேசுகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

அரசுப் பள்ளியிலேயே இருந்தால் வழி இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. திருச்சி என்.ஐ.டி. மாணவர்கள் ‘இக்னைட்’ என்றொரு குழு வைத்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜே.இ.இ. தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். 2024-ல் திருச்சி மாவட்டம் பச்சைமலைப் பகுதியைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர், அரசுப் பள்ளியில் படித்தே அந்த என்.ஐ.டி.யில் இடம் பிடித்தார்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், மார்க்குக்குக் கொடுக்காதீர்கள், வேலைக்குக் கொடுங்கள். வாரம் ஆறு நாள், தினம் பத்துக் கணக்கு போட்டு நோட்டைக் காட்டினால் ஞாயிற்றுக்கிழமை ஐம்பது ரூபாய். அந்த வாரமே, அன்றைக்கே. தப்பாகப் போட்டாலும் போட்டதற்குக் காசு உண்டு. எதில் பிள்ளைக்கு வெறுப்போ அந்தப் பாடத்துக்கு மட்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும். பழகிவிட்டால் மெதுவாக நிறுத்திவிடலாம். பீட்சா ஹட் நிறுவனம் 1984-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த திட்டத்திலும் ஆசிரியர் சொன்ன அளவுக்குப் புத்தகம் படித்தால்தான் பீட்சா. ரிப்போர்ட் கார்டை அவர்கள் கேட்கவில்லை.

வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். அக்கா தொண்ணூற்றைந்து எடுத்து ஆயிரம் வாங்கிக்கொண்டு என்.எஸ்.பி. ரோட்டில் துணி எடுக்கும்போது, முப்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்கு ஏறிய தம்பி வெறுங்கையோடு கூடப் போனால், அவன் அன்றைக்குக் கற்றுக்கொள்வது கணக்கு அல்ல. உண்மையில் அதிகம் உழைத்தது அவனாகவே இருக்கலாம்.

அந்தக் காசை என்ன செய்வது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். ட்ரீட் கொடுத்தால் கொடுக்கட்டும். “நான் குடுத்த காசை இப்படியா கரைப்பே?” என்று கேட்டால், அது சம்பளம் இல்லை, பிச்சை என்று ஆகிவிடும். ஐம்பது ஐம்பதாகச் சேர்த்துப் பெரிதாக ஏதாவது வாங்க ஆசைப்பட்டால் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள். ஒரு தலைமுறைக்கு முன் பள்ளியிலேயே ‘சஞ்சயிகா’ என்று சேமிப்புத் திட்டம் இருந்தது, வகுப்பாசிரியரே வங்கி. இப்போது ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட விதிப்படி, 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம். எவ்வளவு வரை எடுக்கலாம், ஏ.டி.எம். கார்டு உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். அஞ்சலகத்திலும் 10 வயதுப் பிள்ளை கணக்கு தொடங்கலாம், குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய்.

கணக்கு தொடங்கும்போதே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். உதவித்தொகை மாணவர் பெயரில் உள்ள, ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி, வங்கியில் இனிஷியல் முன்னால், பின்னால் என்று பெயர் மூன்று விதமாக இருந்தால் தேர்வில் தேறியும் பணம் வராமல் அலைய வேண்டியிருக்கும். என்.எம்.எம்.எஸ். வாங்குகிற பிள்ளை தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். 10-ஆம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்க வேண்டும், பட்டியல் இன, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55. தேர்வுக் கட்டணம் 50 ரூபாய், விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான். 8-ஆம் வகுப்பில் பிள்ளை இருந்தால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பள்ளிக்கு ஒரு நடை போய், “எங்க புள்ள பேரு சேர்த்தாச்சா சார்?” என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.